பன்னிரண்டு அங்குலம்

ராயக்கோட்டை ரோட்டில்
டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே
ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் ஒரு கடை.
இம்தியாஸ் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆர்.சி. புக்கைக் கேட்டார்.
வருஷம் சொன்னேன்.
மாசம்? என்றார்.
ஆடிக்கு முந்தி வந்ததுக்குக் கொக்கி வேற மேடம்,
அப்புறம் கம்பெனிக்காரன் கையையே மாத்திட்டான்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முன்னால் போடுவதிலேயே சின்னதாக ஒன்று
கொடுங்களேன் என்றேன்.
சிரிக்காமல் இருக்க
அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

நான் பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலையில்
சர்க்கரை அளக்கிறவள்.
ஒரு சொட்டு பெங்களூராக் கூழைக்
கருவியின் கண்ணில் வைத்து
பதினாலுக்கு ஒரு புள்ளி இறங்கினாலும்
கலனை நிறுத்தச் சொல்கிறவள்.
என் வண்டியின் முதுகை
ஒரு நாளும் அளந்ததில்லை.

போன வியாழக்கிழமை மழை.
கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள்
அரை மைலுக்கு நின்றன.
ரிவர்ஸ் எடுத்தேன்.
பின் கண்ணாடியில்
தை மாசம் தோப்பு நிழலில் நிறுத்தியபோது சொட்டிய பிசின்,
பிசின்மேல் கிரானைட் தூள்,
தூள்மேல் மழை.
வைப்பரைப் போட்டேன்.
இரண்டு கோடை காய்ந்து வெடித்த ரப்பர்
ஒருமுறை முனகிவிட்டு
இருந்த சேற்றையே
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தடவியது.
சாம்பலாய் ஏதோ தெரிந்தது.
அதுதான் ரோடு என்று நினைத்துக்கொண்டேன்.

தட்!

கண்ணாடியில் ஒரு கை.
ஆகம்மா! ஆகம்மா! என்று தெலுங்கில் ஒரு குரல்.

கிரேடு தூக்கும் பாப்பக்கா.
உருண்ட காய் பொறுக்கக் குனிந்திருக்கிறாள்.
பம்பருக்கும் அவள் இடுப்புக்கும்
இரண்டு சாண்.
நான் இறங்கி ஓடியபோது
மடியில் நாலு காயோடு நிமிர்ந்து
வண்டியை எடும்மா, லோடு நிக்குது
என்றாள். அவ்வளவுதான்.
எனக்குத்தான் அன்று முழுக்கக்
கருவியில் எண் நிற்கவில்லை.

இம்தியாஸ் டேப்பை இழுத்தார்.
கம்பியை அளக்கக் கூடாது, ரப்பரை அளக்கணும்.
பதினாலு போட்டா ஓரத்துல இடிச்சு எகிறும்,
நடுவுல கண்ணாடியையே தொடாது.
பத்து போட்டுத் தருவாங்க, மலிவு,
பார்வையும் மலிவாத்தான் இருக்கும்.
ஏழு கிளிப்போடு ஒரு பெட்டி இருந்தது.
எல்லா வண்டிக்கும் என்று எழுதியிருந்தது.
அதை அவரே ஒதுக்கிவைத்தார்:
ஊருக்கெல்லாம் சொந்தக்காரன்
ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் நிக்க மாட்டான்.

பன்னிரண்டு.
கையைத் தூக்கி, பழசைக் கழற்றி,
வெறுங்கம்பி கண்ணாடியில் விழாமல்
தன் தோளால் தாங்கிக்கொண்டு
புதுசைச் செருகினார்.
டிக்.
அந்தச் சத்தம் வரணும் மேடம்,
வரலைன்னா அது சேரலை.

பாட்டில் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினார்.
உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் திருகினேன்.
ஒரு விசிறி விரிந்தது.
விசிறிக்குள்
ஓசூர் பஸ், முட்டை வேன்,
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய ஒருவன்,
தூரத்தில் சையத் பாஷா மலை,
அதன் பாறை வெடிப்புகூட.

விசிறிக்கு வெளியே
துடைக்காமல் விட்டிருந்த அந்தக் கை.
சேற்றில் பதிந்த ஐந்து விரலில்
சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன.
மூன்று இருந்தன.

எவ்வளவு பெரிய வைப்பர் போட்டாலும்
அந்த மூலைக்குப் போகாது, கழுவித் தரவா?
என்று துணியை எடுத்தார்.
எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.
இருநூற்று எண்பது.

ரோடு ஏறுகிற இடம் குறுகல்.
மீதி இருபதைக் கொடுத்துவிட்டு
அவரே பின்னால் போய் நின்று
வாங்க, வாங்க என்று கை ஆட்டினார்.
விரல் விரலாகத் தெரிந்தது.
இருந்தும்
ஜன்னலை இறக்கி
கழுத்தை வெளியே நீட்டி
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.